ஆண்டர்சனைட்: பச்சையாக ஒளிரும் யுரேனியம் கார்பனேட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புற ஊதா விளக்கின் கீழ் ஆண்டர்சனைட்டை ஒருமுறை பார்த்தவர்கள் சும்மா போவதில்லை, கேள்வியோடுதான் போகிறார்கள். அந்தக் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. சிலருக்கு அதன் ஒளியைக் கண்டு பயம், சிலருக்கு அதே ஒளியைக் கண்டு மயக்கம். இரண்டுக்கும் காரணம் ஒரே தவறான எண்ணம் என்பது பல முறை பதில் சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. அதனால் கேட்டவர்களின் பேச்சு மொழியிலேயே கேள்விகளை வைத்து, எளிதில் தொடங்கிச் சிக்கலானவை வரை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஆண்டர்சனைட்னா என்ன? கல்லா, உப்பா, யுரேனியமா?

மூன்றும் ஓரளவு சரிதான். இது இயற்கையில் கிடைக்கும் ஒரு கனிமம். வேதியியல் கண்ணோடு பார்த்தால் சோடியம், கால்சியம், யுரேனியம், கார்பனேட், நீர் ஆகியவை சேர்ந்த ஓர் உப்பு. அதன் வாய்பாட்டைச் சொல்லில் எழுதினால்: இரண்டு சோடியம், ஒரு கால்சியம், ஒரு யுரனைல், மூன்று கார்பனேட், சுமார் ஆறு நீர் மூலக்கூறுகள். எடையில் ஏறக்குறைய 37 விழுக்காடு யுரேனியம்.

யுரனைல் என்ற சொல் இனி அடிக்கடி வரும். ஒரு யுரேனியம் அணுவும் அதன் இரு புறமும் ஒரே நேர்கோட்டில் ஒட்டிய இரண்டு ஆக்சிஜன் அணுக்களும் சேர்ந்த அயனிக்குத்தான் அந்தப் பெயர். மேலும் கீழும் ஆக்சிஜன், நடுவில் யுரேனியம். அந்த நடு இடுப்பைச் சுற்றி மூன்று கார்பனேட்டுகள் ஒட்டியாணம்போல் அமைந்திருக்கும். ஆண்டர்சனைட்டின் நிறம், ஒளிர்வு, கரைதிறன் மூன்றும் இந்த அமைப்பிலிருந்தே வருகின்றன.

பார்க்க எப்படி இருக்கும்? ரொம்பக் கனமா இருக்குமா?

பகல் வெளிச்சத்தில் பளிச்சென்ற மஞ்சள் கலந்த பச்சை. கண்ணாடி போன்ற மினுக்கம். பெரும்பாலும் சுவரில் உப்புப் பூத்ததுபோல் மெல்லிய படலமாகவோ சிறு மணிகளாகவோ இருக்கும். நன்றாக வளர்ந்த படிகங்கள் சாய்சதுர முகங்களோடு, ஏறக்குறைய கனசதுரம்போலத் தெரியும். அவையும் பொதுவாக ஒரு சில மில்லிமீட்டர்தான்.

யுரேனியம் என்றதும் ஈயக் குண்டு போன்ற கனத்தை எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்து போவார்கள். இதன் அடர்த்தி நீரைப்போல் சுமார் 2.8 மடங்குதான், சாதாரணப் பாறைக்கு நெருக்கம். யுரேனியத்தின் மூலக்கனிமமான யுரேனினைட்டோ நீரைப்போல் பத்து மடங்கு வரை கனக்கும். கார்பனேட்டும் நீரும் உள்ளே அவ்வளவு இடம் பிடித்திருக்கின்றன. கடினத்தன்மை மோஸ் அளவில் (ஒன்றிலிருந்து பத்து வரை போகும் கனிமக் கடினத்தன்மை அளவுகோல்) 2.5. நகத்தின் கடினத்துக்குப் பக்கத்தில் வரும், எளிதில் உடையும்.

ஆண்டர்சன் யாரு? கிடைத்த இடம் பாக்தாத்னு போட்டிருக்கே, ஈராக்கா?

ஈராக் இல்லை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், யவாபை மாவட்டத்தில் பாக்தாத் என்றொரு சுரங்க ஊர் உண்டு. அதன் அருகிலிருந்த ஹில்சைடு சுரங்கத்தில்தான் இந்தக் கனிமம் முதலில் அடையாளம் காணப்பட்டது. ஹில்சைடு யுரேனியத்துக்காகத் தோண்டிய சுரங்கம் அல்ல. தங்கம், வெள்ளி, ஈயம் எடுத்த பழைய சுரங்கம். அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த சார்ல்ஸ் ஆல்ஃப்ரெட் ஆண்டர்சன் மாதிரியைச் சேகரித்தார். அவர் பெயரே கனிமத்துக்கு வந்தது.

ஆக்சல்ராட், கிரிமால்டி, மில்டன், முராடா ஆகிய நால்வர் 1951-இல் இதை விரிவாக விவரித்தார்கள். அந்த ஒரே கட்டுரையில் மூன்று புதிய கனிமங்கள் இடம்பெற்றன: ஆண்டர்சனைட், பெய்லியைட், ஸ்வார்ட்சைட். மூன்றுமே யுரனைல் கார்பனேட்டுகள், மூன்றும் ஒரே சுரங்கத்துச் சுவர்களில் கிடைத்தவை. பின்னாளில் யூட்டா மாநிலத்தின் சான் யுவான் மாவட்டச் சுரங்கங்களில் இன்னும் பெரிய, அழகான ஆண்டர்சனைட் படிகங்கள் கிடைத்தன.

கதிரியக்கம் இருக்கறதாலதானே இது பச்சையா மின்னுது?

இல்லை. நான் மேலே சொன்ன தவறான எண்ணம் இதுதான். எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது என்பதால் இங்கே கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் பாருங்கள். ஆண்டர்சனைட் தெரியவே தெரியாது. ஆனால் அதன் கதிரியக்கம் இருட்டிலும் அதே அளவில் நடந்துகொண்டுதான் இருக்கும். ஒளி வருவது யுரனைல் அயனியின் எலக்ட்ரான்களிலிருந்து. புற ஊதா ஒளி அவற்றை மேல்நிலைக்குத் தூக்குகிறது. திரும்பி இறங்கும்போது பச்சை ஒளியாக ஆற்றல் வெளியேறுகிறது. கதிரியக்கமோ அணுவின் உட்கருவில் நடப்பது. உட்கருவுக்கு வெளியில் எரியும் விளக்கும் தெரியாது, சூரியனும் தெரியாது.

இந்த ஒளியை நிறமாலைமானியில் பிரித்தால் ஒரே பட்டையாக வராது. சுமார் 470 முதல் 570 நானோமீட்டர் வரை, படிக்கட்டுபோல நான்கைந்து பட்டைகள் ஏறக்குறைய சம இடைவெளியில் நிற்கும். யுரனைலின் ஆக்சிஜன்–யுரேனியம்–ஆக்சிஜன் கோடு அதிர்வதால் வரும் இடைவெளி அது. யுரனைல் சேர்மங்களுக்கே உரிய முத்திரை என்று சொல்லலாம்.

ஒளிர்வையும் கதிரியக்கத்தையும் ஒன்றாக நினைத்த முதல் ஆள் நாம் இல்லை. 1896-இல் பாரிசில் ஆன்றி பெக்கரல் பொட்டாசியம் யுரனைல் சல்பேட் படிகங்களை எடுத்துச் சோதித்ததே இந்த எண்ணத்தோடுதான். வெயில் பட்டு ஒளிரும் பொருள் கூடவே ஊடுருவும் கதிரையும் வெளியிடுகிறதா என்று பார்க்க விரும்பினார். வானம் மூட்டமாக இருந்ததால் படிகங்களும் ஒளிப்படத் தகடுகளும் இழுப்பறைக்குள் கிடந்தன. வெயில் படாமலேயே தகட்டில் தடம் விழுந்திருந்தது. பிறகு, சிறிதும் ஒளிராத யுரேனியம் சேர்மங்களும் யுரேனியம் உலோகமும்கூட அதே தடத்தைத் தந்தன. இரண்டையும் பிரித்துக் காட்டிய அந்தக் கணத்தில்தான் கதிரியக்கம் கண்டுபிடிக்கப்பட்டது.

அப்போ யுரேனியம் இருக்கிற எல்லாக் கனிமமும் ஒளிருமா?

ஒளிராது. முதல் நிபந்தனை யுரனைல் வடிவம். யுரேனினைட்டில் யுரேனியம் பெரும்பாலும் வேறொரு ஆக்சிஜனேற்ற நிலையில், நான்கு மின்னேற்றத்தோடு இருக்கிறது. எந்த விளக்கைக் காட்டினாலும் அது கறுப்புக் கல்தான். கதிரியக்கத்தில் மட்டும் ஆண்டர்சனைட்டைத் தூக்கிச் சாப்பிடும்.

யுரனைல் இருந்தும் ஒளிராத கனிமங்களும் உண்டு. உடன் செம்பு இருந்தால் அது ஆற்றலை உறிஞ்சி ஒளியை அணைத்துவிடும். வோக்லைட் என்ற செம்பு கலந்த யுரனைல் கார்பனேட் அதற்குச் சான்று. ஆண்டர்சனைட்டில் இருக்கும் சோடியமும் கால்சியமும் அப்படித் தொந்தரவு செய்யாதவை. அதனால்தான் இவ்வளவு பிரகாசம்.

இது எப்படி உருவாகுது?

தொடக்கம் பாறைக்குள் இருக்கும் யுரேனினைட். அதிலுள்ள நான்கு மின்னேற்ற யுரேனியம் நீரில் கரைவதில்லை என்றே சொல்லலாம். ஆக்சிஜன் எட்டாத ஆழத்தில் அது கோடிக்கணக்கான ஆண்டுகள் அசையாமல் கிடக்கும். பாறை வெடித்தோ, நிலம் அரிக்கப்பட்டோ, மனிதர்கள் தோண்டியோ காற்று உள்ளே வந்தால் ஆட்டம் மாறுகிறது. யுரேனியம் ஆறு மின்னேற்ற நிலைக்குப் போய் யுரனைல் ஆகிறது. யுரனைல் கரையும்.

அடுத்த பங்கு நீருடையது. மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்கிறது. சுண்ணாம்புச் சத்துள்ள பாறையைத் தொட்டால் அதையும் கரைத்து, பைகார்பனேட்டும் கார்பனேட்டும் நிறைந்த, சற்றே காரத்தன்மையுள்ள நீராகிறது. அந்த நீரில் யுரனைலைச் சுற்றி கார்பனேட்டுகள் சேர்ந்துகொள்கின்றன. முதல் பதிலில் சொன்ன ஒட்டியாணம் நீருக்குள்ளேயே கட்டப்பட்டுவிடுகிறது. நான்கு எதிர்மின்னேற்றம் கொண்ட இந்தக் கூட்டு அயனி எதிலும் எளிதில் ஒட்டாது, எளிதில் வீழ்படிவாகவும் ஆகாது. அசையாமல் கிடந்த யுரேனியம் இப்போது நீரோடு பயணிக்கிறது.

கடைசிக் கட்டம் உலர்தல். அந்த நீர் ஒரு சுரங்கப் பாதையின் சுவரில் கசிந்து, காற்றுப் பட்டு ஆவியாகிறது. கரைசல் அடர்த்தியாகிறது. சோடியமும் கால்சியமும் போதிய அளவில் இருந்தால், கட்டி முடித்த ஒட்டியாணத்தைக் கலைக்காமல் அப்படியே அடுக்கிக்கொண்டு ஆண்டர்சனைட் படிகம் எழுகிறது. படிகத்துக்குள் இருக்கும் கூட்டு அயனியும் நிலத்தடி நீரில் மிதந்த கூட்டு அயனியும் ஏறத்தாழ ஒரே உருவம். எனக்கு இந்தக் கனிமத்தில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான். கண்ணுக்குத் தெரியாமல் பாறைக்குள் ஓடிய நீரின் வேதியியலைக் கையில் பிடித்துக் காட்டுகிறது.

சுரங்கங்களில் கந்தக அமிலம் உண்டாகும்னு படிச்சிருக்கேன். அமிலத்தில கார்பனேட் எப்படி நிற்கும்?

நல்ல கேள்வி. நிற்காது. பைரைட் போன்ற சல்பைடுக் கனிமங்கள் காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்தால் கந்தக அமிலம் வரும். அமிலத்தில் கார்பனேட் சிதைந்து கார்பன் டை ஆக்சைடாகப் பறந்துவிடும். அங்கே ஜிப்பைட், ஜோஹன்னைட் போன்ற யுரனைல் சல்பேட்டுகள்தான் தோன்றும்.

ஆனால் சுவரில் கால்சைட் (கால்சியம் கார்பனேட் கனிமம்) இருந்தால் அது அமிலத்தைச் செயலிழக்கச் செய்கிறது. அந்த வினையில் கால்சியமும் சல்பேட்டும் சேர்ந்து ஜிப்சம் படிகிறது. ஹில்சைடில் ஆண்டர்சனைட்டோடு ஜிப்சமும் கூடவே இருந்தது தற்செயல் அல்ல. ஆண்டர்சனைட் இருக்கும் மாதிரியில் வெள்ளை ஜிப்சத்தைப் பார்த்தால், அங்கே அமிலம் வந்து தோற்றுப்போயிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஒரே சுரங்கத்தில லீபிகைட், பெய்லியைட், ஆண்டர்சனைட்னு பல பேர் சொல்றாங்களே, ஏன்?

யுரனைல் மூன்று கார்பனேட்டுகளோடு இருக்கும் அந்த அயனி எல்லாவற்றிலும் ஒன்றுதான். அதனுடன் எந்த உலோகம் துணைக்கு வருகிறது என்பதே பெயரை மாற்றுகிறது. கால்சியம் மட்டும் என்றால் லீபிகைட். மக்னீசியம் என்றால் பெய்லியைட். கால்சியமும் மக்னீசியமும் என்றால் ஸ்வார்ட்சைட். சோடியமும் கால்சியமும் என்றால் நம் ஆண்டர்சனைட். சல்பேட்டும் ஃபுளூரைடும்கூடச் சேர்ந்துகொண்டால் ஷ்ரோக்கிங்கரைட்.

ஆகவே ஒரே சுவரில் ஒரு கை அகலத்துக்குள் இரண்டு மூன்று கனிமங்கள் இருப்பதில் வியப்பில்லை. ஆவியாக ஆவியாக, எஞ்சியிருக்கும் நீரில் உலோகங்களின் விகிதம் மாறிக்கொண்டே போகும்.

உருவாக எத்தனை லட்சம் வருஷம் ஆகும்?

லட்சம் எல்லாம் வேண்டாம். சுரங்கப் பாதையைத் தோண்டிய பிறகே அதன் சுவரில் படிந்த பூப்பு என்றால், அதன் வயது அந்தச் சுரங்கத்தின் வயதைத் தாண்ட முடியாது. சில பத்தாண்டுகளே போதும். நீரில் எளிதில் கரையும் கனிமம் என்பதால் மழை நனைக்கும் திறந்த வெளியில் இது நீடிக்காது. அரிசோனா, யூட்டா போன்ற வறண்ட நிலங்களிலும் மழை எட்டாத சுரங்கச் சுவர்களிலும் அதிகம் கிடைப்பது இதனால்தான்.

மனிதன் தோண்டியதால் வந்தது, அப்படியானால் இது இயற்கைக் கனிமமா என்றும் சிலர் கேட்கிறார்கள். வினைகளை நடத்தியது நீரும் காற்றும் பாறையும். மனிதன் கதவைத் திறந்துவிட்டான், அவ்வளவே. ஆனால் கேள்வி வீணானது அல்ல. மனிதச் செயலால் மட்டுமே, அல்லது பெரும்பாலும் மனிதச் செயலால் தோன்றிய கனிமங்கள் என 208 இனங்களைக் கனிமவியலாளர் ராபர்ட் ஹேசனும் உடன் ஆய்வாளர்களும் 2017-இல் பட்டியலிட்டார்கள். அவற்றில் பல சுரங்கச் சுவர்களிலும் குவியல்களிலும் பிறந்தவை.

இதோட கதிரியக்கம் எவ்வளவு? பிட்ச்பிளெண்டைவிட அதிகமா குறைவா?

பிட்ச்பிளெண்ட் என்பது படிகமாக வளராமல் கட்டியாகக் கிடைக்கும் யுரேனினைட். அதைவிட இது மிகவும் குறைவு. அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது எளிது: ஆண்டர்சனைட்டில் யுரேனியமே குறைவு. ஒரு கிராமில் சுமார் 0.37 கிராம். அதிலிருக்கும் யுரேனியம்-238 மட்டும் நொடிக்குச் சுமார் 4,600 சிதைவுகளைத் தரும்.

இரண்டாவது காரணம் பலர் அறியாதது. யுரேனியம்-238 ஒரே அடியில் ஈயமாகிவிடுவதில்லை. 14 படிகள் இறங்குகிறது. வழியில் தோரியம், ரேடியம், ரேடான் எல்லாம் பிறந்து மறைகின்றன. பழைய பிட்ச்பிளெண்டில் இந்த முழுக் குடும்பமும் சமநிலையில் இருக்கிறது, அதாவது ஒவ்வொன்றும் பிறக்கும் வேகத்திலேயே சிதைகிறது. அதனால் ஒரு யுரேனியம் சிதைவுக்குப் பதினான்கு சிதைவுகள். கார்பனேட் நிறைந்த நீரில் யுரேனியம் கரைந்து கிளம்பும்போதோ தோரியம் உடன் வருவதில்லை, அது கரையாமல் பின்தங்கிவிடும். ரேடியமும் பெரும்பாலும் சல்பேட்டோடு சிக்கி நின்றுவிடும். புதிய ஆண்டர்சனைட் பிறக்கும்போது அதில் ஏறக்குறைய யுரேனியம் மட்டும்தான்.

பிறகு என்ன நடக்கும்? முதல் மகவான தோரியம்-234-க்கு அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், 24 நாள். ஐந்தாறு மாதத்தில் அதுவும் அதன் மகவான புரோட்டாக்டினியம்-234-ம் சமநிலைக்கு வந்துவிடும். அங்கிருந்து யுரேனியம்-234. அதற்கடுத்த தோரியம்-230 வரும்போதுதான் வண்டி நிற்கிறது. அதன் அரை ஆயுள் 75,000 ஆண்டுக்கும் மேல். நூறு ஆண்டு ஆனாலும் அது சமநிலை அளவில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. அதற்குப் பின்னால் வரவேண்டிய ரேடியம், ரேடான், வலுவான காமாக் கதிர் தரும் பிஸ்மத்-214 எல்லாம் இன்னும் பிறக்கவே இல்லை என்றே கொள்ளலாம். பதினான்கில் நான்கு படி மட்டும் இயங்கும் இளம் கனிமம் இது.

அப்படின்னா கதிரியக்கத்தை எண்ணுற கைகர் கருவி ஏன் இவ்வளவு சத்தமா அடிக்குது?

புரோட்டாக்டினியம்-234 வெளியிடும் பீட்டாத் துகள்களால். அவற்றின் உச்ச ஆற்றல் சுமார் 2.3 மெகா எலக்ட்ரான் வோல்ட். கருவியின் மெல்லிய சாளரத்தைச் சுலபமாகத் தாண்டும். யுரேனியத்தின் ஆல்ஃபாத் துகள்களோ காற்றில் சில சென்டிமீட்டரிலேயே நின்றுவிடும், ஒரு தாள் போதும் தடுக்க. ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கனமான அக்ரிலிக் பலகையைக் கருவிக்கும் கல்லுக்கும் நடுவே வைத்தால் எண்ணிக்கை சட்டென்று விழும். பிட்ச்பிளெண்டுக்கு அதே சோதனையைச் செய்தால் அந்த அளவுக்கு விழாது. காமா அதைக் கடந்து வந்துகொண்டே இருக்கும்.

ஓர் எச்சரிக்கை. மாதிரியின் அடியில் மூலத்தாதுவின் கறுப்புத் துண்டு ஒட்டியிருந்தால் முந்தைய பதிலில் சொன்னது செல்லாது. அந்தத் துண்டிலிருந்து முழுக் குடும்பமும் வரும், ரேடானும் வரும்.

தொட்டாலே ஆபத்தா? வீட்டில வச்சுக்கலாமா?

ஒரு சிறு மாதிரியைச் சில நிமிடம் பார்த்துவிட்டு வைப்பதால் தோலுக்கு எதுவும் ஆகிவிடாது. உண்மையான ஆபத்து அதன் தூளை விழுங்குவதிலும் மூச்சில் இழுப்பதிலும்தான் இருக்கிறது. ஆல்ஃபாத் துகள் வெளியில் இருக்கும்போது தாளுக்கே நிற்கும், நுரையீரலுக்குள் போனால் அதே துகள் தன் ஆற்றலையெல்லாம் பக்கத்துச் செல்களிலேயே கொட்டிவிடும்.

அதைவிட முக்கியமாக, யுரேனியம் ஒரு கன உலோகம். கதிரியக்கத்தை மறந்துவிட்டாலும் அது சிறுநீரகத்துக்கு நஞ்சு. குடிநீரில் லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் என்று உலக சுகாதார நிறுவனம் வைத்த வழிகாட்டு வரம்பும் இந்த வேதி நச்சுத்தன்மையைக் கருதியதே. ஆண்டர்சனைட் கரையக்கூடியது என்பதால் உடலுக்குள் போனால் கரையாத யுரேனினைட்டைவிட எளிதில் உறிஞ்சப்படும். கதிரியக்கத்தில் சாதுவான கனிமம் வேதியியலில் அப்படி இல்லை. பயப்படுகிறவர்களும் மயங்குகிறவர்களும் ஒளியையே பார்த்துக்கொண்டு இதைத்தான் கோட்டை விடுகிறார்கள்.

வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டியது: மூடிய பெட்டி, பெயர்ச்சீட்டு, குழந்தைகளுக்கு எட்டாத, படுக்கையறை அல்லாத, காற்றோட்டமான இடம். உடைக்க, அரைக்க, மெருகேற்ற வேண்டாம். தொட்டால் கை கழுவவும். யுரேனியக் கனிமங்களை வைத்திருப்பது, அனுப்புவது பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. சில இடங்களில் அனுமதி இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். வாங்கும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

தூசியா இருக்கு, தண்ணியில கழுவலாமா?

கூடாது. கனிமம் கழுவிய நீரோடு போய்விடும், அந்த நீர் யுரேனியக் கரைசலாகிவிடும். தூசியை ஊதவும் வேண்டாம், காரணம் முந்தைய பதிலில். அப்படியே விட்டுவிடுவதே நல்லது.

இது ஆண்டர்சனைட்டா லீபிகைட்டான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கண்ணால் மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டும் பச்சை, இரண்டும் ஒளிரும். இரண்டும் நீர்த்த அமிலத்தில் நுரைக்கும். படிக முகங்கள் தெளிவாக இருந்தால் கொஞ்சம் உதவும்: ஆண்டர்சனைட் முக்கோணப் படிக அமைப்பு, கனசதுரம் போன்ற தோற்றம், லீபிகைட் செஞ்சாய்சதுர அமைப்பு. பூப்பாகப் படிந்திருந்தால் அந்த உதவியும் இல்லை. முடிவாகச் சொல்ல எக்ஸ் கதிர் விளிம்பு விலகல் சோதனை வேண்டும். ஒளிர்வின் பட்டைகள் சற்றே இடம் மாறுவதையும் ராமன் நிறமாலையையும் வைத்தும் பிரிக்கலாம்.

பச்சையாக ஒளிரும் இன்னொரு யுரேனியக் கனிமமான ஆட்டுனைட் வேறு கதை. அது பாஸ்பேட், தட்டையான சதுரத் தகடுகளாக இருக்கும், நீரில் இப்படிக் கரையாது. விற்பனையில் 'பச்சையாக ஒளிரும் யுரேனியம் கல்' என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

37 விழுக்காடு யுரேனியம்னா இதிலிருந்தே எடுக்கலாமே?

விழுக்காடு அதிகம், மொத்த அளவு மிகக் குறைவு. சுவரில் படிந்த மெல்லிய படலத்தைச் சுரண்டி யாரும் ஆலை நடத்த முடியாது. ஆனால் அருகில் யுரேனியம் இருக்கிறது என்பதற்கு இது நல்ல அறிகுறி. அதே நேரம், பளிச்சென்ற நிறம் இல்லாத இடத்தில்தான் பெரிய புதையல் இருக்கவும் கூடும். 1952-இல் யூட்டாவில் நிலவியலாளர் சார்லி ஸ்டீன் மி விடா யுரேனியச் சுரங்கத்தைக் கண்டபோது துளையிட்டு எடுத்த பாறை கறுப்பாக இருந்தது. மஞ்சள் தாதுவை எதிர்பார்த்த அவருக்கே அது யுரேனினைட் என்று முதலில் தெரியவில்லை.

கனிமம் தொழிலுக்கு உதவாவிட்டாலும் அதன் வேதியியல் உதவுகிறது. வயோமிங்கில் பூமியைத் தோண்டாமல் ஆக்சிஜனும் பைகார்பனேட்டும் கலந்த நீரை நிலத்துக்குள் செலுத்தி, யுரேனியத்தைக் கரைத்து மேலே இழுக்கிறார்கள். 'எப்படி உருவாகுது' என்ற கேள்விக்குச் சொன்ன முதல் இரண்டு கட்டங்களை மனிதர்கள் வேண்டுமென்றே நடத்துவதுதான் அது.

இவ்வளவு அபூர்வமான ஒன்றை விஞ்ஞானிகள் ஏன் இப்படி ஆராயுறாங்க?

அழகுக்காக அல்ல, நிலத்தடி நீருக்காக. யுரேனியம் கசிந்த இடங்களில் நுண்ணுயிர்களைக் கொண்டு அதை மீண்டும் கரையாத நிலைக்குத் திருப்பலாம் என்ற எண்ணம் உண்டு. நீரில் கால்சியம் இருந்தால் யுரனைலும் கார்பனேட்டும் கால்சியமும் சேர்ந்த ஒரு நடுநிலைக் கூட்டு உருவாகி, அந்த வேலையை மந்தமாக்கிவிடுகிறது என்று 2003-இல் சோதனைகள் காட்டின. களிமண்ணிலும் இரும்பு ஆக்சைடிலும் ஒட்டிக்கொள்வதையும் அது குறைக்கிறது. ஆண்டர்சனைட், லீபிகைட் போன்ற படிகங்களை ஆய்வகத்தில் தயாரித்து அளந்தால்தான், மாசுபட்ட மண்ணில் யுரேனியம் எந்த உருவில் இருக்கிறது என்று ஒப்பிட்டுச் சொல்ல முடியும்.

இன்னோர் இடமும் உண்டு. விபத்துக்குள்ளான செர்னோபில் அணு உலையில் உருகி உறைந்த எரிபொருள் 'எரிமலைக்குழம்பின்' மேல் மஞ்சள் பூப்புகள் தோன்றின. அவற்றில் சோடியம் யுரனைல் கார்பனேட்டும் இருந்தது. ஆண்டர்சனைட்டின் நெருங்கிய உறவு. அதே சேர்மம் செக் நாட்டின் யாஹிமோவ் சுரங்கத்தில் இயற்கையாகக் கிடைத்து, செய்கைட் என்ற பெயரில் 2003-இல் விவரிக்கப்பட்டது.

ஆய்வகத்தில செய்றாங்கன்னா நாமளும் செஞ்சு பார்க்கலாமா?

வேண்டாம். கரைசல்களைக் கலந்து மெல்ல ஆவியாக்கும் எளிய வேலைதான், ஆனால் கையில் இருப்பது கரையும் யுரேனியம் உப்பு. சிந்தினால் துடைத்து முடியாது, கழிவை ஊற்ற இடம் கிடையாது. படிகம் வளர்க்க ஆசை இருந்தால் படிகாரம் இருக்கிறது.

பெட்டியில வச்சிருந்த கல் வெளுத்து மாவு மாதிரி ஆயிடுச்சு. கதிரியக்கம் தீர்ந்துபோச்சா?

தீரவில்லை. யுரேனியம்-238-இன் அரை ஆயுள் 447 கோடி ஆண்டு. போனது நீர். இந்தக் குடும்பத்துக் கனிமங்களின் படிகத்துக்குள் நீர் மூலக்கூறுகள் தங்கியிருக்கும். சூடும் வறட்சியும் பட்டால் அவை வெளியேறி அமைப்பு நொறுங்கும். பதினெட்டு நீர் மூலக்கூறுகள் கொண்ட பெய்லியைட்டில் இது விரைவாக நடக்கும். ஆண்டர்சனைட் ஓரளவு தாங்கும், ஏனெனில் அதன் படிகத்தில் அகன்ற குழல்கள் இருக்கின்றன. அவற்றில் இருக்கும் நீர் கொஞ்சம் கூடக் குறையப் போனாலும் சட்டகம் நிற்கும். அதனால், முழுக்க மாவாகிவிட்டது என்றால் உங்களிடம் இருந்தது பெய்லியைட்டாக இருக்கலாம்.

இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான்: பெட்டியைத் திறக்காதீர்கள். கெட்டியான கல்லாக இருந்தபோது இருந்ததைவிட மாவான பிறகுதான் அது மூச்சில் போகும் வாய்ப்பு அதிகம். பெட்டியை அப்படியே ஒரு பையிலிட்டு ஒட்டி, மேலே பெயரை எழுதி, உங்கள் நாட்டில் கதிரியக்கப் பொருட்களைக் கவனிக்கும் அரசு அமைப்பிடம் கேட்டு ஒப்படையுங்கள்.